வயதான பெற்றோர்: யார் பார்த்துக்கொள்வது? எப்போது பேசுவது? - பராமரிப்பு முதல் இழப்பு வரை முழு விளக்கம்

நாகப்பட்டினம் பகுதியைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி ஒருவர், தன் சொத்தை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மகன் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு மருமகள் தன்னைக் கவனிக்கவில்லை என்று வருவாய் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தார். பத்திரத்தை ரத்து செய்து கோட்டாட்சியர் உத்தரவிட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

2025 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்து செல்லும் என்று தீர்ப்பளித்தது. 'கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற வரி பத்திரத்தில் இல்லாவிட்டாலும், பெற்றவர் பாசத்தில் எழுதிக் கொடுக்கும்போதே அந்த நிபந்தனை அதில் அடங்கியிருக்கிறது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சட்டம் கைகொடுத்தது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்க வேண்டிய ஒரு விஷயத்துக்காக, 87 வயதில் ஒருவர் ஏன் அரசு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டி வருகிறது?

அந்த நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே நாகூரைத் தாண்டி, வாஞ்சூர் எல்லைக்குள் நுழைந்தால் காரைக்கால் மாவட்டம். அங்கே திருமலைராயன்பட்டினத்தை ஒட்டி கடலோரத்தில் இருக்கிற மீனவ கிராமம் பட்டினச்சேரி. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருந்தாலும், இவர்களுக்கும் அதே சென்னை உயர் நீதிமன்றம்தான். அதனால் அந்தத் தீர்ப்பு இந்த ஊருக்கும் பொருந்தும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, அவர்களை இழப்பது, அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை இந்தக் கடலோர ஊரை முன்வைத்துப் பார்ப்போம்.

ஏன் பட்டினச்சேரி?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காரைக்கால் கடலோர மீனவ கிராமங்களைப் புரட்டிப் போட்டது. பட்டினச்சேரியும் அதில் ஒன்று. அன்று 40 வயதில் இருந்து, போன வீட்டையும் வலையையும் திரும்பச் சேர்த்தவர்கள் இன்று 60ஐத் தாண்டிவிட்டார்கள். சட்டத்தின் கணக்கில் அவர்கள் இப்போது மூத்த குடிமக்கள்.

பிள்ளைகளின் நிலைமை என்ன? சிலர் கடல் தொழிலில். சிலர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பிரான்ஸிலோ. பெண்கள் கல்யாணமாகி வேறு ஊரில். தொழிலுக்குப் போனவரை நினைத்த நேரத்தில் கரைக்குக் கூப்பிட முடியாது. வெளிநாட்டில் இருப்பவருக்கு லீவு கிடைக்காது. கடைசியில் ஒரு வீட்டில் பராமரிப்பு முழுவதும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. அது பெரும்பாலும் ஒரு பெண்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்கணும். மீனவக் குடும்பங்களில் கூடை சுமந்து மீன் விற்ற அம்மாக்களுக்குக் கையில் எப்போதும் சொந்தக் காசு இருந்தது. முட்டி வலி வந்து வியாபாரம் நின்றதும், முதலில் போவது அந்தக் காசு. அதோடு வீட்டில் அவர்கள் சொல்லுக்கு இருந்த மதிப்பும் குறைகிறது. மாத்திரை வாங்கக்கூடப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய நிலை. பல அம்மாக்கள் கேட்பதில்லை. மாத்திரையை நாள் விட்டு நாள் சாப்பிட்டுச் சமாளிப்பார்கள்.

இது ஒரு ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கைப்படி, 60 வயதைத் தாண்டியவர்களின் பங்கில் கேரளாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 2021இல் 13.6 சதவீதம். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்பது கணிப்பு. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்.

பிள்ளை மனம் உண்மையிலேயே கல்லா?

'பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்று ஒரு பழமொழி உண்டு. பெற்றோரைக் கவனிக்காத செய்தி வரும்போதெல்லாம் கமெண்ட்டில் முதலில் வந்து விழுவது இதுதான்.

சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல வீடுகளில் பிள்ளை மனம் கல்லாகவில்லை, களைத்துப் போயிருக்கிறது. இரவில் நான்கு முறை எழுந்து அப்பாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போகிறவர், காலையில் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மறுபடி படுக்கையைச் சுத்தம் செய்கிறவர், ஒருநாள் குரலை உயர்த்திவிடுகிறார். பிறகு அதற்காகத் தனியாக அழுகிறார். இதைப் பராமரிப்பவர் சோர்வு என்கிறார்கள்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் கவனியுங்கள்:

- தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது
- சொந்த உடம்புக்கு வரும் நோயைத் தள்ளிப்போடுவது
- விசேஷம், உறவு, நட்பு என எதற்கும் போகாமல் ஒதுங்குவது
- 'இது எப்போ முடியும்' என்று தோன்றி, அடுத்த நொடியே குற்ற உணர்ச்சியில் துடிப்பது

கடைசியாகச் சொன்ன அந்த எண்ணம் வந்ததாலேயே யாரும் கெட்ட பிள்ளை ஆகிவிடமாட்டார்கள். சுமை அளவைத் தாண்டிவிட்டது என்பதற்கு அது அடையாளம். சுமையைப் பிரிக்க வேண்டிய நேரம் அது.

எப்படிப் பிரிக்கலாம்?

'எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம்' என்பது கேட்க நல்லா இருக்கும். நடைமுறையில் அது யாரும் பார்க்காமல் போவதில் முடியும். வேலையைப் பெயர் போட்டுப் பிரிப்பதுதான் வழி.

கூட இருப்பவர் உடம்பால் செய்கிறார். தூரத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்?

- மாதாமாதம் ஒரே தேதியில் பணம். அது பெற்றோர் கணக்குக்கா, பார்த்துக்கொள்பவர் கணக்குக்கா என்பதையும் முன்பே முடிவு செய்வது
- மருத்துவமனை தேதி, மாத்திரை பட்டியல், காப்பீடு, ஓய்வூதியம் போன்ற காகித வேலைகள். இதை எந்த நாட்டிலிருந்தும் செய்யலாம்
- தினம் ஒரு வீடியோ கால். பெற்றோருக்கு ஒன்று, பார்த்துக்கொள்பவருக்கு இன்னொன்று
- வருடத்தில் குறைந்தது சில நாட்களாவது வந்து, கூட இருப்பவரை வீட்டை விட்டு வெளியே அனுப்புவது. லீவு அவருக்கும் வேணும்

இதையெல்லாம் எப்போ பேசுவது? பட்டினச்சேரி போன்ற ஊர்களுக்கு நாள்காட்டியிலேயே இரண்டு நேரம் இருக்கு. ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளிகள் வீட்டில் இருக்கும் நாட்கள் அவை. இன்னொன்று மாசி மகம். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருவார். மீனவ மக்கள் அவரைத் தங்கள் ஊர் மாப்பிள்ளையாக வரவேற்கும் நாள் அது. வெளியூர் போன பெண்களும் பிள்ளைகளும் வீடு வந்து சேரும் நாளும்கூட. சாப்பாடு முடிந்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அந்தப் பேச்சில் பெற்றோரும் இருக்க வேண்டும். அவர்களைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டு அவர்களைப் பற்றி முடிவெடுப்பது பஞ்சாயத்தில்தான் போய் முடியும்.

எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எந்தத் திட்டம் செல்லும்?

காரைக்கால் மக்கள் பார்ப்பது தமிழ்நாட்டுச் செய்திச் சேனல்கள். அதில் வரும் பல திட்டங்கள் அவர்களுக்குக் கிடையாது. வீடு தேடி மருந்து வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தமிழ்நாடு அரசின் திட்டம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான். நாகூர்க்காரருக்கு உண்டு, வாஞ்சூர்க்காரருக்கு இல்லை.

அப்போ பட்டினச்சேரியில் இருப்பவர் எதைக் கேட்கணும்?

- முதியோர் ஓய்வூதியம்: புதுச்சேரி அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை வழங்குகிறது. மீனவ முதியோருக்கு மீன்வளத் துறை மூலம் தனித் திட்டம் உண்டு
- ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை: 70 வயதைத் தாண்டிய யாருக்கும், வருமான வரம்பு இல்லாமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை சிகிச்சை. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம். பதிவு செய்ய ஆதார் தேவை
- சிகிச்சை: காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் புதுச்சேரி ஜிப்மர் 130 கிலோமீட்டருக்கு மேல். அதைவிடத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்

எந்த மருத்துவமனைக்கு எந்த அட்டை செல்லும் என்பதை, ஆள் நல்லா இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது நல்லது. நடு இரவில் ஆம்புலன்ஸில் உட்கார்ந்து அதைத் தேட முடியாது.

பிள்ளைகள் கைவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. இதன் முக்கிய அம்சங்கள்:

- சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத பெற்றோர், வயது வந்த மகன், மகள், பேரன், பேத்தியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். மகளுக்கும் பொறுப்பு உண்டு
- பிள்ளை இல்லாத முதியவர், தன் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாகப் பெறப்போகும் உறவினரிடம் கேட்கலாம்
- மனுவை விசாரிப்பது கோட்ட அளவிலான அதிகாரி தலைமையிலான தீர்ப்பாயம். நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத நிலையில் இன்னும் 30 நாள்
- ஜீவனாம்சத்துக்கு உச்ச வரம்பு மாதம் ₹10,000
- முதியவரை வேண்டுமென்றே கைவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது ₹5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்

பெரிய மனுவெல்லாம் தேவையில்லை. முதியவரே எழுதிக் கொடுக்கலாம். முடியாதவர் சார்பில் வேறொருவரோ ஒரு தொண்டு அமைப்போ கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவேகூட வழக்கை எடுக்கலாம். எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம்.

வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?

பல குடும்பங்களுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்த வீடுதான். 'உயிரோட இருக்கும்போதே எழுதிக் குடுத்துட்டா பின்னாடி சண்டை வராது' என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

இந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம்.

நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டுமா? இங்கேதான் தீர்ப்புகள் மாறியிருக்கின்றன. அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரி 2 அன்று வேறொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்றது. அதற்கு அடுத்து வந்ததுதான் மேலே பார்த்த நாகப்பட்டினம் வழக்கு.

தீர்ப்புகள் சாதகமாக இருந்தாலும், வழக்கு நடத்துவது 80 வயதில் லேசான காரியம் இல்லை. அதனால் இரண்டு வழிகள்:

- செட்டில்மென்ட் எழுதுவதாக இருந்தால், 'சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம் கடைசி வரை செய்ய வேண்டும்' என்ற வரியையும், அந்த வீட்டில் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்
- இல்லையென்றால் உயில். அது இறப்புக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து அவசியம். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் நல்லது

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா பத்திரத்தில் அந்த வரியைக் கேட்டால், 'என்னை நம்பலையா?' என்று கோபப்படாதீர்கள். அந்த வரி உங்களுக்கும் சேர்த்துத்தான். நாளைக்கு நீங்கள் இல்லாமல் போனால், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் கடமையை அது அடுத்தவருக்குச் சொல்லும்.

உயிரோடு இருக்கும்போதே துக்கமா?

இழப்பு என்பது இறந்த நாளில்தான் தொடங்கும் என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

1944இல் அமெரிக்க மனநல மருத்துவர் எரிக் லிண்ட்மன் துக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போருக்குப் போன கணவர் உயிரோடு இருக்கும்போதே, 'போய்விடுவாரோ' என்ற பயத்தில் மனைவிமார் முழுத் துக்கத்தையும் முன்கூட்டியே அனுபவித்துவிடுவதை அவர் அதில் பதிவு செய்தார். இதை முன்கூட்டிய துக்கம் என்கிறார்கள். புயல் எச்சரிக்கை நேரத்தில் கடலுக்குப் போனவருக்காகக் கரையில் காத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் இதை விளக்கத் தேவையில்லை. படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் நடப்பது இதுதான்.

இன்னொரு வகையும் உண்டு. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், அதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். அது இரண்டு விதம்:

- ஆள் இல்லை, ஆனால் இறந்ததும் உறுதியில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர், ஆழிப்பேரலையில் உடல் கிடைக்காதவர்
- ஆள் எதிரிலேயே இருக்கிறார், ஆனால் பழைய ஆள் இல்லை. மறதி நோய் முற்றி, பெற்ற மகளையே 'நீ யாரும்மா?' என்று கேட்கும் அம்மா

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இது வெறும் 'வயசான ஞாபக மறதி' என்று விடக்கூடாது. பழகின வழி தெரியாமல் நிற்பது, சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பது, திடீர் சந்தேகம், குணம் மாறுவது தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்று புரிந்தாலே வீட்டில் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

இந்த இரண்டு இழப்புக்கும் பொதுவான வலி ஒன்று: சடங்கு இல்லை. யாரும் வந்து துக்கம் விசாரிக்க மாட்டார்கள். அதனால் பார்த்துக்கொள்பவர் தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் தவிப்பார். பெயர் வைத்துச் சொன்னால் பாரம் கொஞ்சம் குறையும்: 'எனக்கு இப்பவே துக்கமா இருக்கு' என்று கூடப்பிறந்தவரிடம் சொல்லலாம்.

கடைசிக் கட்டத்தில் யார் முடிவெடுப்பது?

வென்டிலேட்டரில் வைக்கலாமா, வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று மருத்துவர் கேட்கும்போது, அண்ணன் ஒன்று சொல்வார், தங்கை ஒன்று சொல்வார். அந்தச் சண்டை பல வீடுகளில் பதினாறாம் நாள் தாண்டியும் தொடரும்.

இதற்கு ஒரு வழி இருக்கு. குணமாகும் வாய்ப்பே இல்லாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். தன் சார்பில் முடிவெடுக்கப் போகிறவர் யார் என்பதையும் அதில் எழுதலாம்.

ஆவணம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. 'உங்களுக்கு என்ன வேணும்பா? ஆஸ்பத்திரியா, வீடா?' என்று ஒருமுறை கேட்டு, பதிலை எல்லோரும் தெரிந்து வைத்திருந்தாலே, அந்த நாளில் முடிவு பிள்ளைகளின் பாரமாக இருக்காது. அவர் சொன்னதைச் செய்தோம் என்ற நிம்மதி இருக்கும்.

நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியை, மூச்சுத் திணறலைக் குறைக்க முடியும். அதற்கான வலி தணிப்புச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். 'இனிமே ஒண்ணும் பண்ண முடியாது' என்று சொன்ன பிறகும் பண்ண வேண்டியது நிறைய இருக்கு.

பதினாறாம் நாளுக்குப் பிறகு...

கடலோர ஊர்கள் பலவற்றில், ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போவதில்லை என்ற வழக்கம் உண்டு. ஊரே நின்று துக்கப்படும். பதினாறாம் நாள் காரியம் வரை வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். காரைக்காலின் இஸ்லாமியக் குடும்பங்களில் மூன்று நாள் துக்கம், கணவரை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. தேவாலயங்களில் நினைவுத் திருப்பலி. முறை எதுவானாலும் செய்யும் வேலை ஒன்றுதான்: தனியாக விடாமல் இருப்பது.

சிக்கல் அதற்குப் பிறகு. உறவுகள் கிளம்பிப் போகும். மூன்று வருடம் மாத்திரை நேரத்தில் ஓடிய வீட்டில் திடீரென்று வேலையே இருக்காது. பார்த்துக்கொண்டவருக்கு அப்போதுதான் துக்கம் முழுசாக வரும். கூடவே 'அன்னைக்கு கத்தினேனே', 'இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டுப் போயிருக்கலாமோ' என்ற குற்ற உணர்ச்சியும். சிலருக்கு நிம்மதியும் வரும். நிம்மதி வந்ததற்காக வெட்கமும் வரும். இவை எல்லாமே இயல்பு.

'துக்கத்துக்கு ஐந்து படி' என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் அதை எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. இழந்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில்தான் ஏறி இறங்க வேண்டும் என்பது கிடையாது. அழாதவருக்குப் பாசம் இல்லை என்றும் அர்த்தம் கிடையாது.

எப்போது உதவி தேட வேண்டும்? நாள் போகப்போக வலி விட்டு விட்டு வந்தால் அது சாதாரணம். ஆறு மாதத்துக்கு மேலும் தினசரி வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம், தூக்கமின்மை, வாழப் பிடிக்காத எண்ணம் இருந்தால் அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சிகிச்சை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொருவரை மறக்காதீர்கள். அப்பா போனால் அம்மா இருக்கிறார். பிள்ளைகளின் துக்கத்தை விசாரிக்கும் அவசரத்தில், 50 வருடம் கூட வாழ்ந்தவரின் துக்கம் ஓரமாகப் போய்விடும். உடனே அவரை ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் மாற்றி மாற்றி அனுப்புவதற்கு முன், எங்கே இருக்க விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

துக்கத்துக்கு நடுவே செய்ய வேண்டிய காகித வேலை

- இறப்புப் பதிவு: 21 நாளுக்குள். 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருடம் வரை அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி. ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு
- எங்கே பதிவு? இறப்பு நடந்த இடத்தில். பட்டினச்சேரி வீட்டில் இறந்தால் திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்தில். தஞ்சாவூர் மருத்துவமனையில் இறந்தால் பதிவு தமிழ்நாட்டில்தான், காரைக்காலில் கிடைக்காது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் அலைகிறவர்கள் நிறைய
- வங்கி: ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் தெரியும் என்பதற்காக இறந்தவர் கணக்கில் பணம் எடுக்காதீர்கள். இறப்புச் சான்றோடு நாமினி விண்ணப்பிக்க வேண்டும். நாமினி பணத்தைப் பெறுபவர்தான், மற்ற வாரிசுகளின் உரிமை அதனால் போகாது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம்
- ஓய்வூதியம்: உடனே தகவல் சொல்லுங்கள். இறந்த பிறகு வரவான தொகையைத் திருப்பித் தர வேண்டி வரும்
- கடலில் காணாமல் போனவர் என்றால், ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாத நிலையில்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கருதும். அதனால் காணாமல் போன உடனே காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருப்பது மிக முக்கியம்

போனில் சேமித்து வைக்க வேண்டிய எண்கள்

- 14567: முதியோர் உதவி எண் எல்டர்லைன். தினமும் காலை 8 முதல் இரவு 8 வரை
- 14416: டெலிமானஸ் மனநல ஆலோசனை. 24 மணி நேரமும், தமிழில் பேசலாம்
- 15100: இலவசச் சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை
- 108: ஆம்புலன்ஸ்

இந்த வாரம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. அம்மா, அப்பா பேசும் நிலையில் இருந்தால், இந்த வாரமே இதை மட்டும் கேளுங்கள்:

1. என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எதை நிறுத்தினீங்க?
2. பாஸ்புக், பத்திரம், அட்டை எல்லாம் எங்க வச்சிருக்கீங்க? நாமினி யாரு?
3. முடியாமப் போனா யார்கூட இருக்கணும்னு ஆசை?
4. ஆஸ்பத்திரியில எது வேணும், எது வேண்டாம்?
5. எங்ககிட்ட கேட்கத் தயங்குறது ஏதாவது இருக்கா?

முதல் நாலு கேள்விக்கும் பதில் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அஞ்சாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகும். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.